விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவது எப்படி: எல்லையோரக் கடைகளுக்கு ஒரு வழிகாட்டி

கேரள-தமிழ்நாடு எல்லையில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: "கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுதுங்க, விண்டோஸ் 11 மட்டும் ஏற மாட்டேங்குது. புதுசு வாங்கியே ஆகணுமா?" விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். கடைகளில் இருக்கும் பல கணினிகள் அதற்கு முந்தியவை. தூக்கிப் போடுகிற அளவுக்குக் கெட்டுப் போனவையும் அல்ல.

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதில்லை. கேரளப் பொதுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் லேபில் ஓடுவது அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை வைத்துத் தயாரித்துத் தரும் லினக்ஸ்தான். தமிழ் மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளைகளும் அதில்தான் பழகுகிறார்கள். வீட்டில் ஹைஸ்கூல் போகும் பிள்ளை இருந்தால், லினக்ஸ் தெரிந்த ஆள் ஒருவர் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறார். தடங்கல் எல்லாம் கடை மென்பொருளில்தான் வருகிறது. கணக்கு, எடை, பில், பத்திரிகை அச்சு என்று பத்து இருபது வருடமாகப் பழகியவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. அவற்றை லினக்ஸுக்குக் கொண்டுவருவது எப்படி என்று கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறக்காமல், மவுஸாலேயே செய்யும் வழியைச் சொல்கிறேன். லினக்ஸ் மின்ட் 21 அல்லது 22ஐ மனதில் வைத்து எழுதுகிறேன். புதிதாக வருபவர்களுக்கு என் சிபாரிசும் அதுவே.

முதலில் ஒரு முன்னெச்சரிக்கை. இருக்கிற விண்டோஸை அழிக்காதீர்கள். சின்னதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸ் போடுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி பத்திரமாக வைத்துவிடுங்கள். இரண்டு மாதக் கணக்கு லினக்ஸில் ஒழுங்காக ஓடிய பிறகு அதைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

எதைத் தொடுகிறது என்று பாருங்கள்

"இந்த மென்பொருள் லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்பதைவிட "இது கணினியில் எதையெல்லாம் தொடுகிறது?" என்று கேட்பது அதிகம் உதவும். ஒரு பேப்பரை எடுத்து, கடையில் நிஜமாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் நேரே எழுதுங்கள். திரையில் எழுதி, கோப்பில் சேமித்து, பிரிண்டருக்கு அனுப்புவதோடு நிற்கிறதா? சீரியல் கேபிளில் தராசைப் படிக்கிறதா? யுஎஸ்பியில் டாங்கிள் (உரிமத்தை உறுதிசெய்யும் சிறு கருவி) செருகினால்தான் திறக்குமா? கைரேகைக் கருவி உண்டா? உரிமத்தை இணையத்தில் சரிபார்க்கிறதா?

முதல் வகை, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டித் தரும் வைன் என்ற மென்பொருளில் ஓட நல்ல வாய்ப்பு உண்டு. தராசு கொஞ்சம் வேலை வாங்கும், ஆனால் நடக்கும். டாங்கிள் இருந்தால் வைனில் மெனக்கெடாமல், லினக்ஸுக்குள்ளேயே நிஜ விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினுக்கு நேரே போங்கள். ஆதார் கைரேகைக் கருவியை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் அதற்கென்று ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்வதே நல்லது. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது சோதனை செய்துகொண்டிருக்க முடியாது.

எழுதி முடித்ததும் பட்டியலில் பாதி தானாகவே அடிபட்டுப் போவதைப் பார்ப்பீர்கள். ஜிஎஸ்டி தாக்கல், இ-வே பில் இரண்டும் பிரவுசரிலேயே நடக்கும். ஜிஎஸ்டியின் ஆஃப்லைன் டூல் மட்டும் விண்டோஸுக்கானது. பில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் நேரே தளத்திலேயே ஏற்றிவிடலாம். தனி உரிமையாளர் கடைக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் கட்டாயமில்லை, மொபைலுக்கு வரும் ஓடிபி போதும். வேர்டு, எக்செல் கோப்புகளை லிப்ரெஆபிஸ் திறக்கும். பழைய பேஜ்மேக்கர், கோரல்டிரா கோப்புகளையும் லிப்ரெஆபிஸ் டிரா திறக்கும். ஆனால் அச்சுக்கூடம் வைத்திருப்பவர்கள் அதை மட்டும் நம்பக் கூடாது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரி நகர்ந்தாலும் தொந்தரவு. அவர்களுக்கும் விர்ச்சுவல் மெஷின்தான்.

தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைனில் ஏற்ற வேண்டாம். அது வைனுக்குள் மட்டும்தான் வேலை செய்யும், லினக்ஸின் மற்ற ஜன்னல்களில் எழுதாது. அதற்குப் பதில் ஐபஸ் என்ற லினக்ஸின் சொந்த வசதியில் எம்17என் பொதியைச் சேர்த்தால் தமிழ் 99, பழைய டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு எல்லா விசைப்பலகைகளும் வந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் சேமித்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி லினக்ஸில் நிறுவுங்கள். வைன் லினக்ஸின் எழுத்துருக்களையே எடுத்துக்கொள்வதால் இரண்டு இடத்திலும் தெரியும். மலையாளத்தில் பில் அடிக்கும் கடைகள் தங்கள் பழைய மலையாள எழுத்துருக்களுக்கும் இதையே செய்யலாம். புதிதாக ஒரு யூனிகோட் தமிழ் எழுத்துரு வேண்டுமென்றால் மீரா இனிமையைப் போட்டுப் பாருங்கள். கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்காகச் செய்து இலவசமாகக் கொடுத்தது அது.

வைன் என்ன செய்கிறது

வைன் 1993இல் தொடங்கிய திட்டம். 1.0 பதிப்பு வர 2008 ஆகிவிட்டது. வைனுக்குள் விண்டோஸ் கிடையாது. விண்டோஸிடம் "ஒரு ஜன்னல் திற, இந்தக் கோப்பைப் படி" என்று ஒரு நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் விண்டோஸ் உரிமம் வாங்கத் தேவையில்லை. 4 ஜிபி ரேம் உள்ள கணினியிலும் வேகமாகவே ஓடும். விண்டோஸின் டிரைவர்களை மட்டும் அது ஏற்றாது. டாங்கிளும் கைரேகைக் கருவியும் அதில் சிக்கிக்கொள்வது அதனால்தான். பிரிண்டர் அப்படியல்ல. லினக்ஸில் பிரிண்டரை நிறுவிவிட்டால் வைனுக்குள் ஓடும் நிரலுக்கும் அதே பிரிண்டர் தெரியும். டாட் மேட்ரிக்ஸுக்கும் இதுதான்.

பெயர் பெற்ற மென்பொருள் என்றால் நிறுவுவதற்கு முன் வைன் தளத்தின் ஆப் டேட்டாபேஸில் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ், கார்பேஜ் என்று தரம் போட்டிருப்பார்கள். தரத்தைவிடக் கீழே இருக்கும் தேதியையும் பதிப்பு எண்ணையும் கவனியுங்கள். 10 வருடத்துக்கு முந்தைய பிளாட்டினத்தை வைத்து இன்றைய பதிப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு கொப்பரைக் களத்தின் எடை மென்பொருள்

நம் பக்கத்தில் தேங்காய், கொப்பரை, நெல் வாங்கி விற்கும் இடங்களில் பெரும்பாலும் இருப்பது பெரிய கம்பெனி மென்பொருள் அல்ல. பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ யாரோ ஒருவர் விஷுவல் பேசிக் 6இல் எழுதிக் கொடுத்து, கணக்கை ஆக்சஸ் கோப்பில் சேமிக்கும் ஒரு நிரல். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், இன்ஸ்டாலர் மட்டும் ஒரு பென்டிரைவில் இருக்கும். எந்தப் பட்டியலிலும் இதைப் பற்றிக் குறிப்பு கிடைக்காது. அதனால் இதையே உதாரணமாக எடுத்து முழுதாகச் சொல்கிறேன். மற்ற சிறு மென்பொருள்களுக்கும் இதே வழிதான்.

1. சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து 'வைன் இன்ஸ்டாலர்' என்று தேடி நிறுவுங்கள். கூடவே, வைனுக்குத் தேவையான பாகங்களைச் சேர்க்க உதவும் 'வைன்ட்ரிக்ஸ்' என்பதையும் நிறுவுங்கள்.

2. வைன்ட்ரிக்ஸைத் திறந்தால், ஏற்கெனவே உள்ள பிரிஃபிக்ஸைப் பயன்படுத்தவா, புதிதாக ஒன்று உண்டாக்கவா என்று கேட்கும். பிரிஃபிக்ஸ் என்பது ஒரு தனி சி டிரைவ் உள்ள ஒரு ஃபோல்டர். புதிது என்று சொல்லி, 32 பிட் என்று தேர்ந்து, 'களம்' என்பது போல ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் கொடுங்கள். 32 பிட் இங்கே முக்கியம். ஆக்சஸ் கோப்பைப் படிக்கும் பழைய பாகங்கள் 64 பிட் பிரிஃபிக்ஸில் ஏறாது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி பிரிஃபிக்ஸ் வைத்துக்கொண்டால் ஒன்றுக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்காது.

3. அப்புறம் விண்டோஸ் டிஎல்எல் அல்லது காம்பொனன்ட் நிறுவும் பகுதிக்குப் போய், விபி6ரன், எம்டாக்28, ஜெட்40 மூன்றையும் டிக் செய்யுங்கள். முதலாவது விஷுவல் பேசிக் ஓட, மற்ற இரண்டும் ஆக்சஸ் கோப்பைத் திறக்க. நிறுவும்போது சில எச்சரிக்கைப் பெட்டிகள் வரும். ஓகே கொடுத்துக்கொண்டே போகலாம்.

4. அதே வைன்ட்ரிக்ஸில் இஎக்ஸ்இ கோப்பை ஓட்டும் வசதி இருக்கிறது. அதன் வழியாக உங்கள் இன்ஸ்டாலரைத் தேர்ந்து ஓட்டுங்கள். முடிந்ததும் மெனுவில் வைன் என்ற தலைப்பின்கீழ் உங்கள் மென்பொருளின் பெயர் வந்திருக்கும். எழுத்து பொடியாகத் தெரிந்தால் வைன் கான்ஃபிகரேஷனில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டிபிஐ எண்ணைக் கூட்டுங்கள்.

திறந்ததும் எம்எஸ்காம்சிடிஎல் ஓசிஎக்ஸ் சரியாகப் பதிவாகவில்லை என்று பிழை காட்டி மூடிக்கொண்டால் பயப்பட வேண்டாம். வைன்ட்ரிக்ஸில் காம்சிடிஎல்32ஓசிஎக்ஸ், காம்டிஎல்ஜி32ஓசிஎக்ஸ் இரண்டையும் அதே பிரிஃபிக்ஸில் நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிழைச் செய்தியில் வேறு கோப்புப் பெயர் இருந்தால் அதை அப்படியே எழுதி வைத்துத் தேடுங்கள். என்ன குறைகிறது என்று வைன் அநேகமாகப் பெயர் சொல்லியே கேட்கும்.

எல்லாம் திறந்து ஓடுகிறது என்று கணக்குப் போட உட்கார்வதற்கு முன் தேதியைச் சோதிக்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் அழுத்தியே சொல்கிறேன். லினக்ஸ் நிறுவும்போது மொழியை அமெரிக்க ஆங்கிலமாக விட்டிருந்தால் வைனும் மாதத்தை முன்னால் வைத்தே தேதியைப் படிக்கும். 05/06 என்று ஜூன் 5ஆம் தேதிக் கொள்முதலை எழுதினால் மே 6 என்று உள்ளே போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. 13ஆம் தேதி முதல் எழுதும்போது மட்டும் சரியாக விழும், ஏனென்றால் 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போதுதான் விவசாயிக்கும் உங்களுக்கும் கணக்கு இடிக்கும். மின்டின் செட்டிங்ஸில் லாங்குவேஜஸ் திறந்து, லாங்குவேஜ், ரீஜன், டைம் ஃபார்மட் என்று இருக்கும் எல்லா இடத்திலும் இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றி, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். பிறகு 05/06 என்று ஒரு சோதனைப் பதிவு போட்டு, ஜூன் மாத ரிப்போர்ட்டில் அது வருகிறதா என்று பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.

இனி தராசு. 9 பின் சீரியல் கேபிளை யுஎஸ்பியாக மாற்றும் ஒயருக்கு லினக்ஸில் தனி டிரைவர் தேட வேண்டியதில்லை. சிஎச்340, பிஎல்2303, எஃப்டிடிஐ என்ற வழக்கமான சிப்புகளெல்லாம் லினக்ஸிலேயே அடக்கம். ஆனால் உங்கள் பயனருக்கு சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி வேண்டும். யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் திறந்து, உங்கள் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து வாருங்கள். சிஎச்340 ஒயரைச் செருகியும் அது காணாமல் போகிறது என்றால், பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற பொதி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். மின்ட் 21இல் இது வரும். உங்கள் கடையில் பிரெயில் திரை பயன்படுத்துபவர் இல்லையென்றால் அந்தப் பொதியை நீக்கிவிடலாம்.

இன்னொரு சிக்கல்: பழைய நிரல்கள் காம் 1 முதல் காம் 4 வரைதான் காட்டும். வைனோ யுஎஸ்பி ஒயருக்குக் காம் 33 மாதிரிப் பெரிய எண்ணைக் கொடுத்துவிடலாம். வைன்ட்ரிக்ஸ் வழியாக ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், வைன், போர்ட்ஸ் என்ற வரிசையில் போய், காம்1 என்ற பெயருக்கு உங்கள் ஒயரின் லினக்ஸ் முகவரியை எழுதினால் சரியாகும். இது மட்டும் புதியவருக்குக் கொஞ்சம் கடினம். லினக்ஸ் பழகிய காலேஜ் பையனோ பெண்ணோ பக்கத்தில் இருந்தால் அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு மூட்டையை வைத்து எடை திரையில் வருகிறதா, சீட்டு அச்சாகிறதா, மென்பொருளை மூடித் திறந்தால் பதிவு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பில்லும் போட்டுப் பாருங்கள், இரண்டு விதமாக. கேரளத்தில் பதிவு செய்த கடை பாலக்காட்டுக்கு விற்றால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் விழ வேண்டும், பொள்ளாச்சிக்கு விற்றால் ஐஜிஎஸ்டி. ஜிஎஸ்டி எண் 32இல் தொடங்கினால் கேரளம், 33இல் தொடங்கினால் தமிழ்நாடு. எல்லையில் இருக்கும் நமக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. கடைசியாக, போன மாதக் கணக்குக் கோப்பைக் கொண்டுவந்து வைத்து, விண்டோஸில் எடுத்த மொத்தமும் இதில் வரும் மொத்தமும் பைசாவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

காப்பு எடுப்பது

வைன்ட்ரிக்ஸில் உண்டாக்கிய பிரிஃபிக்ஸ், ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் லோக்கல், ஷேர், வைன்பிரிஃபிக்சஸ் என்ற பாதையில் இருக்கும். கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். வாரம் ஒரு முறை அந்தப் பிரிஃபிக்ஸை ரைட் கிளிக் செய்து கம்ப்ரெஸ் கொடுத்து, டார் வகைக் கோப்பாக்கி, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போடுங்கள். ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் வழக்கமான பென்டிரைவ் அதன் உள்ளே இருக்கும் இணைப்புகளை ஏற்காது, காப்பு அரைகுறையாகிவிடும். கணினி கெட்டாலும் அந்த ஒரே கோப்பை வேறு லினக்ஸ் கணினியில் விரித்து வைத்து வைனை நிறுவினால் கடை நடக்கும். விண்டோஸில் இவ்வளவு சுலபமாக ஒரு மென்பொருளை முழுதாக இடம் மாற்ற முடிந்ததில்லை.

கிராக் செய்த மென்பொருளை வைனில் ஓட்டாதீர்கள். வைனுக்குள் இசட் டிரைவ் என்று தெரிவது உங்கள் லினக்ஸ் முழுவதும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் நீங்கள் எழுத முடிகிற எதையும் வைனுக்குள் புகுந்த வைரஸும் எழுதும், பூட்டும். எந்த யூடியூப் வீடியோ சொன்னாலும் வைனை ரூட் என்ற முழு நிர்வாக அதிகாரத்தில் ஓட்டவும் கூடாது.

டாட் நெட்டில் எழுதிய புதிய மென்பொருள்களுக்கு பாட்டில்ஸ் என்ற செயலி வசதி. மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே ஃபிளாட்பேக் என்ற பொதி வகையில் கிடைக்கிறது. புது பாட்டில், அப்ளிகேஷன் வகை என்று தேர்ந்து, தேவையான பாகங்களைப் பட்டியலிலிருந்து சேர்த்து, இன்ஸ்டாலரை ஓட்ட வேண்டியதுதான். தராசு மாதிரிக் கருவி இருந்தால் மேலே சொன்ன நேர்வழி வைனே மேல், ஏனென்றால் ஃபிளாட்பேக் தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொள்ளும். வைனையே காசு கொடுத்து ஆதரவோடு வாங்க நினைப்பவர்களுக்கு கிராஸ்ஓவர் உண்டு. ஃபாக்ஸ்புரோவில் டாஸ் காலத்தில் எழுதிய பில்லிங் இன்னும் ஓடுகிறதென்றால் வைனை விட்டு டாஸ்பாக்ஸ்-எக்ஸைப் பாருங்கள். பிள்ளைகளின் கேம்களுக்கு ஸ்டீமில் புரோட்டான் இருக்கிறது, அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

விர்ச்சுவல் மெஷின்

டேலி, டாங்கிள் உள்ள மென்பொருள், அச்சுக்கூட மென்பொருள் இவற்றுக்கு என் பதில் விர்ச்சுவல்பாக்ஸ். லினக்ஸுக்குள் ஒரு ஜன்னலில் நிஜ விண்டோஸே ஓடும். அதனால் செலவும் உண்டு: கணினியில் 8 ஜிபி ரேமாவது வேண்டும், விண்டோஸுக்கு முறையான உரிமம் வேண்டும். லேப்டாப்போடு வந்த உரிமம் பொதுவாக அந்த லேப்டாப்புக்கே உரியது, விர்ச்சுவல் மெஷினுக்குச் செல்லாது.

கணினியை ஆன் செய்யும்போது பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷன் என்பதை எனேபிள் செய்யுங்கள். இன்டெல் கணினியில் விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டியில் எஸ்விஎம் என்றும் போட்டிருக்கும். விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, உங்கள் பெயரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேருங்கள். இது இல்லாவிட்டால் யுஎஸ்பி டாங்கிள் உள்ளே தெரியாது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் 11இன் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் கொடுத்துப் புது மெஷின் உண்டாக்குங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0ஐ விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் அதுவே பாவனையாகக் கொடுக்கிறது. ஆனால் விர்ச்சுவல் மெஷின் ஓடும் கணினியின் பிராசஸரும் விண்டோஸ் 11இன் பட்டியலில் இருக்க வேண்டும் என்றே மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. மிகப் பழைய பிராசஸரில் நிறுவ முடிந்தாலும் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். நிறுவிய பின் கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டால் திரை முழு அளவுக்கு விரியும், லினக்ஸோடு ஒரு ஃபோல்டரைப் பகிரவும் முடியும். டாங்கிளைச் செருகி, மெஷினின் யுஎஸ்பி அமைப்பில் ஒரு ஃபில்டராகச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தானே உள்ளே போகும்.

டேலி வைத்திருப்பவர்கள் பழைய கணினியை மூடுவதற்கு முன்பே அதில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட வேண்டும். பிறகு விர்ச்சுவல் மெஷினில் ஆக்டிவேட் செய்யுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகு இது ஞாபகம் வந்தால் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். ஆக்டிவேட் ஆகி எல்லாம் சரியாக ஓடும் நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். அப்டேட் எதுவும் கெடுத்துவிட்டால் அந்த நிலைக்கே திரும்பலாம். ஆனால் திரும்பும்போது அதற்குப் பின் போட்ட கணக்கும் போய்விடும் என்பதால் டேலியின் டேட்டா ஃபோல்டரை விர்ச்சுவல் டிஸ்க்கில் மட்டும் விடாமல், அதன் பேக்கப்பைத் தினமும் பகிர்ந்த ஃபோல்டருக்கு எடுத்து வையுங்கள். அந்த விண்டோஸை இணையத்தில் உலாவவோ மெயில் பார்க்கவோ பயன்படுத்த வேண்டாம். அந்த வேலைக்கெல்லாம் வெளியே லினக்ஸ் பிரவுசர் இருக்கிறது.

மாற்றும் நாளைச் சீசன் இல்லாத நேரமாகப் பாருங்கள். நெல் கொள்முதல் நடக்கும் வாரத்திலும், ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் தேதிக்கு முந்தின இரண்டு மூன்று நாட்களிலும் கை வைக்க வேண்டாம்.